இரையில் கைவாடை, ஆற்றில் ஊர்வாடை

தூண்டில் இரையில் மனிதக் கையின் வாடை ஒட்டியிருந்தால் மீன் கடிக்காது என்பது நம் வட்டாரத்தில் பலரும் ஐயமின்றிச் சொல்லும் கருத்து. கெலவரப்பள்ளி அணையின் கரையிலோ, கிருஷ்ணகிரி அணையின் நீர்ப்பரப்பை ஒட்டிய மேடுகளிலோ, ஏதேனும் ஓர் ஏரிக்கரையிலோ ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டிலோடு அமர்ந்திருப்போரிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவர் முள்ளில் புழுவைக் கோப்பதற்கு முன் கரைச் சேற்றை அள்ளி இரு கைகளிலும் தேய்த்துக்கொள்வார். மற்றொருவர் பீடி பிடித்த விரல்களால் இரையைத் தொடமாட்டார். மூன்றாமவர், 'பசிச்ச மீனு எதையும் கடிக்கும், பசிக்காத மீனு தேனைத் தடவினாலும் கடிக்காது' என்று சிரிப்பார். இந்த மூவரும் ஒருவர் பேச்சை ஒருவர் மறுத்தபடியே பொழுதைக் கழித்து, மாலையில் ஏறத்தாழ ஒரே அளவு மீனோடு வீடு திரும்புவார்கள்.

இலக்கியம் பேசும் இடத்தில் தூண்டில் பற்றி எதற்கு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். வாடை என்பது சொல்லோடும் சாதியோடும் உழைப்போடும் பின்னிக் கிடக்கும் பொருள். ஒரு தோல்விக்குக் காரணம் தேடும்போது நாம் யாருடைய கையைச் சந்தேகிக்கிறோம் என்பதும் எளிய விஷயமல்ல. மீன்பிடிப்பவரின் கையில் உள்ள வாடையைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், மீன் வாழும் நீரில் கலந்திருக்கும் மனித வாடையைப் பற்றி மிகக் குறைவாகப் பேசுகிறோம். அந்த இரண்டாவது வாடையே நம் ஆற்றில் இன்று முடிவான விஷயம் என்பது எமது கருத்து. அதற்கு வருமுன் முதல் கேள்விக்கு நேர்மையாகப் பதில் தேடுவோம்.

மீனுக்கு மூக்கு உண்டு. ஆனால் நம் மூக்கைப்போல அது மூச்சுவிடப் பயன்படுவதில்லை. கண்களுக்கு முன்னால் உள்ள சிறு துளைகள் வழியே நீர் உட்புகுந்து, மடிப்பு மடிப்பான மெல்லிய சதைப்பரப்பைத் தடவி வெளியேறுகிறது. நீரில் கரைந்த பொருள்களை அந்தப் பரப்பு உணர்ந்து மூளைக்குச் சொல்கிறது. சுவையுணர்வு வேறு. கெளுத்தியைப் போன்ற மீன்களுக்குச் சுவை மொட்டுகள் வாயில் மட்டுமின்றி மீசைகளிலும் உடல்தோலிலும் பரவிக் கிடக்கின்றன. கெளுத்தியை நீந்தும் நாக்கு என்றே சொல்லிவிடலாம். கலங்கிய நீரில், இரவில், கண்ணால் ஆகாத வேலையை அது மீசையால் செய்கிறது. 1967இல் அமெரிக்க ஆய்வாளர் பார்தாக்கும் அவருடைய துணைவர்களும் நடத்திய சோதனைகள், அமெரிக்கக் கெளுத்தி வகைகள் மணத்தின் துணையின்றிச் சுவையைக் கொண்டே தொலைவிலுள்ள உணவை நாடிச் சென்றுவிடும் என்று காட்டின.

மீன்கள் தேடுவது பெரும்பாலும் அமினோ அமிலங்களை. புழு, நத்தை, சிறு மீன், அழுகிய இலை என எதிலிருந்தும் நீரில் கசிவது அவைதாம். அலனைன், அர்ஜினைன் போன்றவை மிகச் சொற்பமாகக் கரைந்திருந்தாலும் கெளுத்தி இனம் அறிந்துகொள்ளும். ஆகவே 'மீனுக்கு வாடை தெரியுமா?' என்ற கேள்வியில் விவாதத்துக்கு இடமே இல்லை. அந்த வாடைகளில் மனிதக் கையின் வாடைக்கு என்ன பொருள் என்பதே கேள்வி.

இதில் உலகெங்கும் தூண்டில்காரர்கள் சாட்சிக்கு அழைப்பது சால்மனை. 1950களின் முற்பகுதியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிரெட், மக்கின்னன் என்ற இரு ஆய்வாளர்கள், முட்டையிடுவதற்காக ஆற்றில் எதிரேறிச் செல்லும் சால்மன்களைக் கவனித்தார்கள். மேலே ஓடும் நீரில் ஒருவர் கையைக் கழுவினால், கீழிருந்து ஏறிவரும் மீன்கள் தயங்கி நின்றன, சில பின்வாங்கின. சற்று நேரம் கழித்தே மீண்டும் ஏறத் தொடங்கின. 1956இல் ஐட்லர், ஃபாகர்லண்ட், மேயோ ஆகியோர் பாலூட்டிகளின் தோலிலிருந்து கசியும் எல்-செரைன் என்ற அமினோ அமிலமே மீன்களை விரட்டுகிறது என்று கண்டறிந்தனர். ஆற்றோரம் காத்திருக்கும் கரடிக்குப் பயப்பட வேண்டிய மீன், பாலூட்டியின் தோல்வாடைக்கு அஞ்சுவதில் நியாயம் உண்டு.

இந்த ஆய்வு உண்மையானது, அழகானதும்கூட. ஆனால் இதைக் கெலவரப்பள்ளிக்கு அப்படியே கொண்டுவர முடியாது. முதலாவதாக, ஆற்றில் ஏறும் அந்தச் சால்மன் உணவுண்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்ட மீன். கைகழுவிய நீருக்கு அது அஞ்சியது வழிப்பயணத்தின் அச்சம். இரையைக் கடிப்பதா விடுவதா என்ற முடிவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இரண்டாவதாக, நம் நீர்நிலைகளில் உள்ள கெண்டையும் கெளுத்தியும் ஜிலேபியும் வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை, வேறு வரலாறு உடையவை. மூன்றாவதாக, செரைன் புழுவின் உடலிலும் இருக்கிறது. முள்ளில் கோத்த புழுவிலிருந்து ஊறும் சாற்றோடு ஒப்பிட்டால், விரல்நுனி விட்டுச்செல்லும் தடம் மிகச் சிறிது.

மேல்நாட்டில் இந்த வாடைக் கோட்பாடு எங்கெல்லாம் போயிற்று என்பதும் சுவையான கதை. 1922 அக்டோபரில் ஸ்காட்லாந்தின் டே ஆற்றில் ஜார்ஜினா பாலன்டைன் என்ற பெண் 64 பவுண்டு எடையுள்ள சால்மனைப் பிடித்தார். பிரிட்டனில் தூண்டிலில் பிடிபட்ட மிகப் பெரிய சால்மன் அது என்ற பெருமை இன்றும் நிற்கிறது. பெரிய மீன்களில் சில பெண்கள் கையில் சிக்கியதைப் பார்த்து, பெண்ணுடலின் மணம் மீனை ஈர்க்கிறது என்ற வாதத்தை முன்வைத்து 1990இல் ஒரு நூலே வெளிவந்தது. ஒரு பெண் திறமையாகத் தூண்டில் வீசினார், பொறுமையாக மீனோடு போராடினார் என்று சொல்ல மனமில்லாதபோது அவருடைய தோலின் மணத்தைக் காரணம் காட்டுவது எவ்வளவு வசதியாக இருக்கிறது!

நம் பக்கத்துச் சாட்சிக்கு வருவோம். காவிரியில் மயில்கெண்டை பிடித்தவர்கள் பயன்படுத்திய புகழ்பெற்ற இரை ராகி உருண்டை. நாம் களியாகக் கிளறி உண்ணும் அதே ராகிதான். மாவை வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் உள்ளங்கையால் பிசைந்து, அழுத்தி உருட்டி, முள்ளைச் சுற்றிப் பொதிவார்கள். இதைவிட மனிதக் கை பட்ட இரை வேறொன்று இருக்க முடியாது. பிசைபவரின் வியர்வையும் எண்ணெயும் அந்த உருண்டைக்குள்ளேயே போய்விடும். அப்படியிருந்தும் பீமேஸ்வரி போன்ற இடங்களில் ஆளின் தோள்வரை வரும் மீன்கள் அந்த உருண்டையைத் தேடி வந்தன. கைவாடை மீனை விரட்டும் என்பது நன்னீரின் பொதுவிதியானால், காவிரியில் ராகி உருண்டைக்கு இந்தப் புகழ் வந்திருக்காது.

இரையைப் பற்றிய சிந்தனை இங்கே புதிதும் அல்ல. 12ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் வடமொழியில் இயற்றிய மானசோல்லாசத்தில் தூண்டில் விளையாட்டுக்கென்றே ஒரு பகுதி உண்டு. எந்த மீனுக்கு எந்த உணவு என்று அது பகுத்துப் பேசுகிறது. மொழியும் இதற்குச் சான்று. தமிழில் இரை, தெலுங்கில் எர. கன்னடத்தில் மண்புழுவின் பெயர் எரெஹுளு. ஒசூர்ச் சந்தையில் மூன்று மொழிகளும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நடக்கும் நம் எல்லைப் பகுதியில், ஆற்றங்கரையில் மட்டும் மூன்றும் ஒரே ஒலியில் சந்திப்பது நமக்குப் பிடித்த காட்சி.

அப்படியானால் கையைச் சேற்றில் தேய்க்கும் அந்த முதல் மனிதர் செய்வது மூடநம்பிக்கையா? அப்படிச் சொல்லிவிட மாட்டோம். அவர் கையிலிருந்து அகற்றுவது மனித வாடையை மட்டுமல்ல. வாரம் ஆறு நாள் தொழிற்சாலையில் நின்றுவிட்டு ஏழாவது நாள் தூண்டில் எடுப்பவர் அவர். 1970களில் சிப்காட் வந்த பிறகு ஒசூரின் கைகள் மாறிவிட்டன. கடைசல் எந்திரத்தில் வேலை செய்பவரின் விரலிடுக்கில் கூலன்ட் வாடை இருக்கும், கிரீஸ் இருக்கும். அதைப் போக்க அவர் மண்ணெண்ணெயிலோ சலவைத்தூளிலோ கையைக் கழுவியிருப்பார். புகையிலை இருக்கலாம். இப்போது கொசு விரட்டும் களிம்பும் சேர்ந்துகொண்டது. இவையெல்லாம் மீனின் உணவோடு எந்த உறவும் இல்லாத பொருள்கள். சிலவற்றை மீன் வெறுக்கக்கூடும், சில அதன் உணர்வுறுப்பையே காயப்படுத்தக்கூடும். சேறு அவற்றை ஓரளவு உரித்தெடுக்கிறது. கரை மண்ணின் வாடை மீனுக்குப் பழகியது. ஆகவே அவருடைய செயல் சரியானது. அதற்கு அவர் சொல்லும் காரணத்தை மட்டும் சற்றுத் திருத்திக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் அவர் கவனிக்கலாம். கார்ல் வான் ஃபிரிஷ் என்ற ஆஸ்திரிய அறிஞரைத் தேனீக்களின் நடனத்துக்காக நாம் அறிவோம். 1973இல் நோபல் பரிசு பெற்றவர். அவர் 1938இல் மீன்களைப் பற்றி ஒன்று கண்டார். கூட்டமாக வாழும் ஒரு சிறு கெண்டையின் தோல் கிழிந்தால், அதிலிருந்து நீரில் கலக்கும் ஏதோ ஒரு பொருள் மற்ற மீன்களை அஞ்சி ஓடச் செய்கிறது. கெண்டை இனங்களுக்கும் கெளுத்தி இனங்களுக்கும் பொதுவான பண்பு இது. நம் நீர்நிலைகளின் பெரும்பான்மை மீன்கள் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. செதில் பெயர்ந்த கெண்டையைக் கையால் கழற்றி, அதே கையால் அடுத்த புழுவைக் கோத்து, அதே இடத்தில் வீசுகிறவர், தம் வாடையைவிட அந்தக் கெண்டையின் அலறலையே நீருக்குள் அனுப்புகிறார் என்று எண்ண இடமுண்டு. மனித வாடையைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் மீனின் வாடையைப் பற்றிக் கொஞ்சம் கவலைப்பட்டால் பயன் மிகுதி.

இதுவரை கையைப் பற்றிப் பேசினோம். இனி ஆற்றைப் பற்றி.

தென்பெண்ணை நந்தி மலையில் பிறந்து, பெங்களூரின் கிழக்குப் புறமாக இறங்கி, ஒசூர் அருகே தமிழகத்துக்குள் நுழைகிறது. கன்னட நாட்டில் அதன் பெயர் தட்சிண பினாகினி. நமக்கு அது தரும் முதல் நீர்த்தேக்கம் கெலவரப்பள்ளி. அடுத்தது, 1957இல் காமராசர் ஆட்சிக் காலத்தில் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அணை. பிறகு சாத்தனூர், கடைசியில் கடலூர் அருகே கடல். இந்த நீரில் மழை எவ்வளவு, சாக்கடை எவ்வளவு என்பது பருவத்துக்குப் பருவம் மாறும். பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் நிரம்பினால் வழிவது இந்த ஆற்றில்தான். 2011 கணக்கெடுப்பிலேயே 84 லட்சம் மக்கள் வாழ்ந்த நகரத்தின் ஒரு பெரும் பகுதியின் குளியல் நீரும் சலவை நீரும் கழிப்பறை நீரும் அந்த ஏரிகளின் வழியே இறங்குகின்றன. 2015இல் பெல்லந்தூர் ஏரியின் நுரை தீப்பற்றியதை நாடே பார்த்தது. 2018 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 50 கோடி ரூபாய் செலுத்த உத்தரவிட்டது. அந்த நுரையின் உறவினரை நாம் கெலவரப்பள்ளியில் மழைக்காலம்தோறும் பார்க்கிறோம். மதகு திறந்ததும் வெண்ணிறமாகப் பொங்கி, ஆற்றை மூடி, சில ஆண்டுகளில் தரைப்பாலத்தின் மேலேறிப் போக்குவரத்தையே நிறுத்திவிடும். படம் எடுக்க வருவோர் பனிமலை போல இருக்கிறது என்கிறார்கள். அருகில் நின்றால் மூக்கு வேறு சொல்லும்.

நுரைக்கு முக்கியக் காரணம் சோப்பும் சலவைத்தூளும். வீட்டுக்கு வீடு, வாளிக்கு வாளி கொட்டும் மனிதக் கையின் கழுவுநீர் அது. இங்கே 1965இல் வெளிவந்த ஓர் ஆய்வை நினைவுகூர வேண்டும். மேலே சொன்ன அதே பார்தாக், ஃபுஜியா, ஹோல் என்ற இருவரோடு சேர்ந்து, மஞ்சள் கெளுத்தி வகையொன்றைச் சலவைப் பொருள் கலந்த நீரில் வைத்துப் பார்த்தார். ஒரு லிட்டர் நீரில் அரை மில்லிகிராம் அளவு இருந்தாலே நாளடைவில் மீனின் சுவை மொட்டுகள் சிதைந்தன. இரையைத் தேடிக் கண்டுபிடிக்கும் திறன் குன்றியது. பிறகு தூய நீரில் வாரக்கணக்கில் விட்டுவைத்தபோதும் பாதிப்பு முழுமையாக நீங்கவில்லை. சலவைப் பொருள் மட்டுமல்ல, நீரில் கரைந்த செம்பும் மீனின் மூக்கை மழுங்கடிக்கும் என்பது சால்மன்களிடம் பலமுறை காட்டப்பட்ட உண்மை. இரண்டு ஆய்வுகளும் வேறு நாட்டு மீன்களைப் பற்றியவை. ஆனால் சுவை மொட்டின் மேல்தோல் சோப்பில் கரைவது என்பது, கரடிக்கு அஞ்சும் வழக்கத்தைப்போல ஓர் இனத்தின் தனி வரலாறல்ல. மென்மையான உயிர்த்தசைக்கும் சோப்புக்கும் இடையிலான பொது விதி அது.

இப்போது அந்தப் பழைய கேள்வியைத் திரும்பக் கேட்டுப் பாருங்கள். இரையில் உள்ள மனித வாடையை மீன் அறியுமா? நுரைத்து வரும் ஆற்றில், இரையின் வாடையையே அது சரியாக அறியுமா என்பதல்லவா கேட்க வேண்டிய கேள்வி? ஒரு விரல்நுனியின் தடத்தைப் பற்றி நாம் கரையில் அமர்ந்து வாதிடுகிறோம். நம் கால்களுக்குக் கீழே பல லட்சம் பேரின் கைகழுவிய நீர் ஓடிக்கொண்டிருக்கிறது.

மீன் கடிக்கவில்லை என்றால் நம் ஊரில் உடனே வரும் சொல் கைராசி. 'உனக்குக் கைராசி இல்லை' என்பார்கள். வாடைக் கோட்பாடு இதே கைராசிக்கு அறிவியல் சட்டை மாட்டிவிட்டது. இரண்டும் குற்றத்தைத் தனி மனிதனின் கையில் வைக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைத் தூண்டில்காரருக்கு இது வேடிக்கை. பரிசலில் போய் வலைவீசி வாழ்பவருக்கு வேடிக்கையல்ல. மழைக்காலத்தில் முதல் வெள்ளம் சாக்கடையை அடித்துக்கொண்டு வரும்போது மீன் செத்து மிதக்கும். அந்த வாரம் முழுவதும் அவருக்கு வருமானம் இல்லை. சாகாத மீனையும் 'கெமிக்கல் மீன்' என்று சந்தையில் ஒதுக்குவார்கள். ஆற்றின் வாடை அவர் கூடையின் வாடையாகிவிடுகிறது, பிறகு அவருடைய வாடையும் ஆகிவிடுகிறது.

சொற்களின் வரலாற்றில் இதற்கு ஒரு நீண்ட நிழல் உண்டு. நாற்றம் என்ற சொல் பழந்தமிழில் மணத்தையே குறித்தது, பூவின் நறுமணத்துக்கும் அதுவே பெயர். இன்று அது துர்மணம் மட்டுமே. மீனின் வாடைக்குப் புலவு என்றும் கவிச்சி என்றும் தனிச் சொற்கள் வைத்திருக்கிறோம். நற்றிணையின் 45ஆம் பாடலில், செல்வந்தனாகிய தலைவனிடம் நெய்தல் நிலத்துத் தோழி, நாங்கள் மீன் உணக்குபவர்கள், எங்கள் மேல் புலவு வாடை அடிக்கும், தள்ளி நில்லுங்கள் என்ற பொருளில் பேசுகிறாள். கேட்பதற்குப் பணிவு போல இருக்கும் பேச்சு அது. உள்ளே இருப்பது தன்மானம். எங்கள் உழைப்பின் வாடை உனக்குப் பொறுக்காது என்றால் உன் காதலும் எங்களுக்கு வேண்டாம் என்பது அதன் குரல். வகுப்பில் இந்தப் பாடலை நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் முதலில் சிரிப்பதும், சற்று நேரத்தில் அமைதியாவதும் வழக்கம். வாடையைச் சொல்லி ஒருவரைத் தள்ளி நிறுத்துவது என்னவென்று அவர்களில் சிலருக்கு நூல் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை இல்லை.

தொல்காப்பியம் உயிர்களை அறிவின் அடிப்படையில் வகுக்கும்போது மூக்கால் அறிவதை மூன்றாம் அறிவாக வைக்கிறது. சிதலும் எறும்பும் அதற்கு எடுத்துக்காட்டு. மனிதனுக்கு மனம் என்னும் ஆறாம் அறிவு. ஆறறிவு உள்ளவன் கொட்டிய நீர் மூன்றாம் அறிவைக் கரைத்துக் கொண்டிருக்கிறது என்பது இலக்கண ஆசிரியருக்குத் தோன்றியிருக்க முடியாத முரண்.

'அப்படியானால் இன்றும் மீன் கிடைக்கிறதே?' என்று கேட்பவர்கள் உண்டு. கிடைக்கிறது. எந்த மீன் என்று பார்க்க வேண்டும். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி கிடைக்கிறது. வளர்க்கக் கூடாது என்று அரசு தடை விதித்தும் எங்கும் பரவிவிட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி கிடைக்கிறது. உயிர்வளி குறைந்த நீரிலும் தாக்குப்பிடிப்பவை இவை. ஆப்பிரிக்கக் கெளுத்தி மேலே வந்து காற்றையே விழுங்கிக்கொள்ளும். மைதா உருண்டை, கோழிக்குடல், எதையும் விடாது. 'வாடையாவது ஒன்றாவது, எதைப் போட்டாலும் கடிக்கிறது' என்று அந்த மூன்றாம் மனிதர் சிரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அவர் அனுபவம் பொய்யல்ல. ஆனால் அது எஞ்சியிருக்கும் மீன்களின் அனுபவம். வாடைக்கு நுணுக்கமாக வாழ்ந்த மீன்கள் குறைந்துபோன ஆற்றில் வாடை முக்கியமில்லை என்று முடிவு கட்டுவது, பாடத் தெரிந்தவர்கள் ஊரைவிட்டுப் போன பிறகு இந்த ஊரில் யாருக்கும் இசை பிடிக்காது என்று சொல்வதைப் போன்றது.

நம் இரு மாநிலங்களும் இந்த ஆற்றுக்காக வழக்காடாமல் இல்லை. மார்க்கண்டேய நதியின் குறுக்கே யார்கோளில் கர்நாடகம் கட்டிய அணையை எதிர்த்துத் தமிழகம் உச்ச நீதிமன்றம் சென்றது. 2019 நவம்பரில் அந்த மனு தள்ளுபடியாயிற்று. அந்த வழக்கின் நியாய அநியாயங்களுக்குள் இங்கே புகவில்லை. நாம் கவனிப்பது ஒன்றைத்தான். எத்தனை கனஅடி என்று கேட்பதில் காட்டும் வேகத்தை, அந்தக் கனஅடியில் என்ன கரைந்திருக்கிறது என்று கேட்பதில் இரு தரப்பும் காட்டுவதில்லை. நுரை பொங்கும் வாரத்தில் அதிகாரிகள் வருகிறார்கள், புட்டியில் நீர் எடுக்கிறார்கள், செய்தி வருகிறது. நுரை அடங்கியதும் பேச்சும் அடங்குகிறது.

குற்றத்தை எல்லைக்கு அப்பால் தள்ளிவிட்டு நாம் கைகழுவிக்கொள்வதும் சரியல்ல. கைகழுவும் அந்த நீரும் எங்கோ போய்ச் சேரத்தான் வேண்டும். ஒசூரின் வாய்க்கால்களும் ஏரிகளும் சுமக்கும் சாக்கடை கன்னடம் பேசுவதில்லை. 2019இல் மாநகராட்சியாகிவிட்ட ஊர் இது. அண்டை நகரம் நம் மேல் கொட்டுவதைச் சுட்டும் விரலுக்கு வலு வர வேண்டுமானால், நாம் கிருஷ்ணகிரியின் மேல் கொட்டுவதை முதலில் நிறுத்த வேண்டும். அணையோரக் கடைகளில் சுடச்சுட வறுத்துத் தரும் மீனுக்காக வண்டியை நிறுத்தும் எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு. கெலவரப்பள்ளி நீரில் விளையும் காய்கறிகளை உண்பவர்களுக்கும் உண்டு.

எமது பரிந்துரைகள் பெரியவை அல்ல. கெலவரப்பள்ளிக்குள் நுழையும் நீரில் சலவைப் பொருளின் அளவையும் செம்பு முதலிய உலோகங்களின் அளவையும் நுரை வரும் நாளில் மட்டுமின்றி ஆண்டு முழுவதும் அளந்து, கரையிலேயே ஒரு பலகையில் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் எழுதி வைக்கலாம். நம் கல்லூரிகளின் விலங்கியல் மாணவர்கள் இந்த ஆற்றுக் கெளுத்தியின் மீசையை நுண்ணோக்கியில் பார்த்து, மாசற்ற நீரில் வாழும் கெளுத்தியின் மீசையோடு ஒப்பிடலாம். பெரிய பணம் வேண்டாத ஆய்வு அது. பார்தாக் 1965இல் தொட்டியில் செய்ததை, நமக்கு ஆறே செய்து வைத்திருக்கிறது. மீன்பிடித் தொழிலாளர்களின் அனுபவத்தை, எந்த மீன் எந்த ஆண்டோடு வலையில் வருவது நின்றது என்ற கணக்கை, தமிழ்த்துறை மாணவர்கள் பதிவு செய்யலாம். கிராமியப் பாடல் சேகரிக்கப் போகும் அதே உழைப்பு இதற்கும் போதும்.

தூண்டில்காரர்களுக்குச் சொல்வது: கையைச் சேற்றில் தேய்ப்பதை விட்டுவிடாதீர்கள். கிரீஸையும் புகையிலையையும் சோப்பையும் இரையில் ஏற்றாதீர்கள். செதில் பெயர்ந்த மீனைத் தொட்ட கையை நன்றாகத் துடைத்துவிட்டுப் புழுவைக் கோருங்கள். அதற்குப் பிறகும் தக்கை அசையாமல் இருந்தால் உங்கள் கைராசியை நொந்துகொள்ள வேண்டாம். குனிந்து ஒரு கை நீரை அள்ளி முகர்ந்து பாருங்கள். மூக்கு என்ன சொல்கிறதோ அதை மாநகராட்சிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஒரு தபாலில் எழுதிப் போடுங்கள்.